விரல் வெடிப்புக்கு ஒரு களிம்பு

திருப்பதி
24 நவம்பர் 2024

அக்காவுக்கு ஈவ்லின் எழுதுவது.

நம் வீட்டில் எந்தக் கடிதமும் ஸ்தோத்திரத்தில்தான் தொடங்கும். எனக்கு இப்போது அது வரவில்லை, மன்னித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரர் சாய்குமார் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் படித்துவிடு.

முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் பென்னி மாமாவைப் பார்த்தேன். சித்தூர் வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உன் நினைப்பு வந்ததோ என்னவோ, கண்டக்டர் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். நான்தான் கிட்டே போய், “நல்லா கீறீங்களா மாமா?” என்றேன். நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, கையெல்லாம் இப்டி வெடிச்சிக்கினு கீது?”

இதற்குள் உன்னிடம் சொல்லியிருப்பார். பெண்டாட்டியிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன். அதனால் மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது டீச்சர் இல்லை. நான் வேலை பார்த்த ஸ்கூலை மூடி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேறு ஸ்கூல்களில் அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அறையில் இருக்கிறேன். மிஷினில் போடுவதற்கு முன்னால் கறை பட்ட பெட்ஷீட்டையெல்லாம் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து அலசுவது என் வேலை. வெயில் காலத்தில் எப்படியோ தள்ளிவிடலாம். ஐப்பசி முடிந்து குளிர்காற்று தொடங்கினால் போதும், விரல் மடிப்பெல்லாம் வாய் பிளந்துகொள்கிறது. சாம்பாரில் கை வைத்தால் உயிர் போகிறது. உப்புமாவைக்கூட ஸ்பூனால் சாப்பிடுகிறேன். எங்கள் சூப்பர்வைசர் நளினி, “ஏமம்மா ஈ சேதுலு” என்று என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நீ இத்தனை வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறாய். விலை கம்மியாக, வேலை செய்கிற கைக்குத் தாங்குகிற மாதிரி பூசிக்கொள்ள ஏதாவது இருந்தால் பெயரை மட்டும் எழுது. இங்கே கடையில் கேட்டால் பூப்படம் போட்ட பெரிய டப்பாவை எடுத்து நீட்டுகிறார்கள். அது நமக்குக் கட்டாது.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல். சொல்ல முடியாவிட்டால் வேண்டாம்.

ஈவ்லின்

சித்தூர்
29 நவம்பர் 2024

ஈவ்லினுக்கு,

கிழிக்கவில்லை.

முதலில் மருந்து. பூப்படம் போட்ட லோஷன் எதையும் வாங்காதே. பாதி விலை அதில் இருக்கிற வாசனைக்கு, வெடிப்பில் பட்டால் முதலில் எரிவதும் அந்த வாசனைதான். தேங்காய் எண்ணெயை மட்டும் தடவிக்கொண்டு இருக்காதே, இந்தக் குளிருக்குக் காணாது. வாசனை சேர்க்காத வெள்ளை வாசலின் ஒரு டப்பாவும் சின்ன கிளிசரின் பாட்டிலும் பென்னியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிளிசரினில் ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணீர் கலந்துகொள், அப்படியே பூசினால் எரியும். கை கழுவினதும் துடைத்துக் காயவைத்துவிட்டு அப்புறம் பூசுகிறேன் என்று நிற்காதே. ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். அதற்குமேல் வாசலின். படுக்கும்போது பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள். இப்படிக் கையைக் கொண்டுவருகிற எல்லாருக்கும் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறேன்.

இனி நான் கேட்கிறேன். எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அதுவும் கைக்குப் பூச மருந்து கேட்டு?

போன வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு அப்புறம் நைனா உன்னோடு பேசவில்லை, உண்மை. உன் பெயரையே எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நீ கோயிலுக்கு வந்திருக்கிறாய் என்று தெரிந்ததும் அவர் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்த்தேன். திருவிருந்துக்கு முன்னால் போதகர் ஐயா கையைப் பிடித்துக் கொடுக்கிற சமாதானத்தை வாங்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு வரிசைக்கும் கொடுப்பது எத்தனையோ வருஷமாக நைனாவின் வேலை. பெண்கள் பக்கத்துக்கு எப்போதும் அருளம்மாள் டீச்சர்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு நைனா அவர்களை நிறுத்திவிட்டு, தானே இந்தப் பக்கம் வந்தார். எதற்கு என்று கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நேராக உன் வரிசைக்கு வந்தார். “சமாதானம்” என்று ரெண்டு கையையும் நீட்டினார்.

நீ உன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

நைனா நீட்டின கையை உடனே எடுக்கவில்லை. உன் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து எட்டி வாங்கிக்கொண்டாள். அந்த அவமானம் எனக்கு இன்றைக்கும் காந்துகிறது. நைனா வீட்டுக்கு வந்து பிரியாணியைத் தொடவில்லை. “கொயந்தைக்கு எம்மேல கோவம் இன்னும் தீரல” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிப்ரவரியில் போய்விட்டார்.

நீ சமாதானத்தை மறுத்த அப்பனுக்குப் பிள்ளையாக அடக்கத்துக்கு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று மண் போட்டாய். அன்றைக்கு உன்னிடம் நான் பேசாதது உனக்கு நான் செய்த நல்லது.

டப்பா தீர்ந்தால் சொல்.

கிரேஸ்

திருப்பதி
6 டிசம்பர் 2024

அக்கா,

டப்பா வந்தது. கிளிசரினை நீ சொன்னபடி கலந்தேன். முதல் நாள் எரிந்தது, இப்போது இல்லை. கையில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுப்பதைப் பார்த்து சாய்குமார், “கால்தான் நடக்கும், உன் கை எங்கே போகுது?” என்று கேலி செய்கிறார்.

நீ எழுதினதை நான் ஆட்டோவில் உட்கார்ந்து படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மீதியைப் படித்தேன். நைனா அருளம்மாள் டீச்சரை நிறுத்திவிட்டு வந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் தலை குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது அவர் என் எதிரில் நின்றார்.

அக்கா, நான் மறுக்கவில்லை. கர்த்தர் அறிய மறுக்கவில்லை.

என் கல்யாணத்தை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக்கொண்ட அன்றைக்கு நைனா வாசலில் நின்று சொன்னது உனக்கும் தெரியும். “படிக்க வெச்சேன். நீ அவன் வூட்டுக்குப் போயி கை தேயத் தேய வேலை செஞ்சித்தான் துன்னப்போற.” அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக்க வேண்டும் என்றே நான் டீச்சராக இருந்தேன். ஸ்கூல் போனதும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன். போனில் கேட்கும்போதெல்லாம் பரீட்சை, பேப்பர் திருத்துகிறேன், பிள்ளைகள் தொல்லை என்று அளந்தேன். சாய்குமார்மேல் தப்பில்லை. அவர் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் வருவதை அப்படியே என் கையில்தான் கொடுக்கிறார். ஆனால் நைனா அதைப் பார்க்கமாட்டார், என் கையைத்தான் பார்ப்பார்.

அம்மா கூப்பிட்டதால்தான் அந்த வருஷம் வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்து முடிந்ததும் போய்விட வேண்டும் என்று இருந்தேன். என் கை இருந்த நிலையைச் சொல்ல வேண்டாம், மாமா பார்த்திருக்கிறார், அவரைக் கேள். நைனா எதிரில் வந்து நின்றதும் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. அந்த ரெண்டு உள்ளங்கைதான் தெரிந்தது. அதற்குள் என் கையை வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துகொள்வார். சொன்னபடியே ஆயிற்று என்று நினைப்பார். நினைத்து வருத்தப்படுவார். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் கை முந்தானைக்குள் போய்விட்டது.

வெளியே வந்து அவரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் அப்படியே பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன். பொங்கலுக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். பொங்கலுக்கு லீவு தரவில்லை. அப்புறம் ஈஸ்டருக்கு என்று நினைத்தேன்.

என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேவா போனார்? அதற்கப்புறம் ஒன்றுமே சொல்லவில்லையா? நீ எழுதினதுதான் கடைசி என்றால் அதை நான் எப்படிச் சுமப்பேன்?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? அம்மாவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன்.

ஈவ்லின்

சித்தூர்
11 டிசம்பர் 2024

ஈவ்லினுக்கு,

பென்னியைக் கேட்டேன். உன் கை எப்படி இருந்தது என்று சொன்னார்.

ஆனால் கை வெடித்திருந்ததா ஒரு காரணம்? அடி பாவி. ஸ்கூலுக்குச் சொறி சிரங்கோடு வருகிற பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துத் தன் கையால் மருந்து போட்ட மனுஷன் அவர். மற்ற வாத்தியார்கள் கிட்டே போகவே கூசுவார்கள். அவரா உன் கையைப் பார்த்துச் சொல்லிக்காட்டியிருப்பார்? அந்த இடத்தில், கோயிலில், அத்தனை பேர் எதிரில் அழுதிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அப்பனும் மகளுமாக அழுதிருப்பீர்கள், நாங்களும் அழுதிருப்போம். வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட்டிருப்போம்.

வாசலில் நின்று ஆயிரம் பேசுவார். நம் வீட்டில் யார்தான் பேசவில்லை? அதையே மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாயே.

எனக்கு உன்மேல் கோபம் போகவில்லை. அது இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைகிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கடையில் நின்றுகொண்டு ஒருத்தருக்கு மாத்திரையை மாற்றி எடுத்துவிட்டேன். நல்லவேளை, அவரே பார்த்துச் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு வராதே. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். உன் பெயரைச் சொன்னாலே, “அவர் கையை ஏன்டி புடிக்கல அவ” என்று தொடங்கி அன்று முழுக்க அழுகிறாள். சோறு இறங்குவதில்லை. நீ எழுதினதைச் சொன்னேன். “கை வெடிச்சிருந்துதா? அதை அவரு தெரிஞ்சிக்கினு போயிருந்தா போதுமே” என்று இன்னும் அதிகமாக அழுதாள். கோயிலில் உன்னைப் பார்த்தால் தாங்கமாட்டாள்.

வாசலின் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். வேலை செய்யும்போது உள்ளே மெல்லிய காட்டன் உறை, மேலே ரப்பர் உறை போட்டுக்கொள். ரப்பரை நேராகப் போட்டால் வேர்த்து இன்னும் கெடும். உறை ரெண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பென்னி தனியாக ஏதோ ஒரு டப்பா கொண்டுவருகிறார். அது என்ன என்று நான் கேட்கவில்லை.

கிரேஸ்

திருப்பதி
18 டிசம்பர் 2024

அக்கா,

மாமா கொண்டுவந்தது மாட்டு மடிக்குப் பூசுகிற களிம்பு. வெதுருகுப்பத்தில் அவர் தம்பி வீட்டில் பால் கறக்கிறவர்கள் குளிர்காலத்தில் தங்கள் கைக்கும் அதைத்தான் பூசிக்கொள்வார்களாம். “டாக்டரம்மாகிட்ட சொல்லிராத” என்றார். டாக்டரம்மா என்பது நீ. டப்பாமேல் ஒரு ஜெர்சிப் பசு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாற்றம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அக்கா, கேட்கிறது. உன் உறையும் இந்தக் களிம்பும் சேர்ந்து விரல் மடிப்பு மூடிக்கொண்டுவிட்டது. நேற்று ரசம் சோறு கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன். விலை கேட்டேன், அந்தப் பூப்படம் போட்ட டப்பா விலையில் கால்வாசிகூட இல்லை. நளினியும் தன் கைக்கு ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.

நான் வரவில்லை. அம்மா அழுவதற்கு நான் காரணமாக இருக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கோயிலுக்குப் போனேன். சமாதானம் கொடுக்கிற நேரம் வந்ததும் எழுந்து வெளியே வந்து செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டேன். என்னால் முடியவில்லை. இப்போது கை நன்றாகத்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். யார் பிடித்தால் எனக்கென்ன? அவர் பிடிக்க வேண்டிய நேரத்தில் நான் கொடுக்கவில்லை. இனிமேல் என்ன பூசி என்ன?

அம்மா சொன்னதை எழுதியிருந்தாயே, தெரிந்துகொண்டு போயிருந்தால் போதும் என்று. அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

உனக்கும் மாமாவுக்கும் அம்மாவுக்கும் பண்டிகை நல்லபடியாக இருக்கட்டும்.

ஈவ்லின்

சித்தூர்
27 டிசம்பர் 2024

ஈவ்லின்,

பண்டிகை முடிந்தது. கங்காதர நெல்லூருக்கே போய் நம் ஊர்க் கோயிலில்தான் ஆராதனைக்கு இருந்தோம். நைனா இடத்தில் இப்போது வேறு ஒருவர் சமாதானம் கொண்டுவருகிறார். அம்மா வாங்கிக்கொண்டாள். வாங்கினவள் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுக்காமல் அப்படியே கையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் விரலைப் பிரித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை.

நைனா பார்த்தார். நீ கையை உள்ளே இழுப்பதற்குள் பார்த்துவிட்டார். அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது, “கிரேஸு, பாப்பா கையைப் பாத்தியா? விரல் சந்தெல்லாம் வெடிச்சி ரத்தம் தெரியுது. அதான் கை குடுக்கல. உங்க கடையில எதுனா மருந்து இருந்தா அவளுக்கு அனுப்பு” என்றார். பிரியாணி சாப்பிடாதது உன்மேல் வருத்தத்தால் இல்லை, உன் கையை நினைத்துத்தான். கோபம் தீரவில்லை என்று அவர் சொன்னதாக நான் எழுதினது நானாகச் சேர்த்துச் சொன்னது. எனக்கு உன்மேல் இருந்த ஆத்திரத்தில் மருந்தும் அனுப்பவில்லை, இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆகவே அவர் தெரிந்துகொண்டுதான் போனார். நீ எதையும் சுமக்க வேண்டியதில்லை.

அம்மாவிடமும் நேற்றுச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். “பாப்பான்னா சொன்னாரு? பாப்பான்னேவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் எழுந்து போய்த் தானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

பிப்ரவரியில் நைனாவுக்கு முதல் வருஷ ஜெபம் வைத்திருக்கிறோம். நீ வர வேண்டும். உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வா. உன் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன், இனி கூப்பிட்டால் வரும்.

அக்கா

திருப்பதி
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கூப்பிட்டால் வரும் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் இதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது, கடிதமாகவே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். சாய்குமார் அதை வாங்கிப் படித்துவிட்டு, “பாரு, உங்கப்பா பாத்துட்டாரு” என்று என் தலையைத் தடவினார். அன்று சாயந்திரம் வரைக்கும் நானும் அப்படியே நம்பினேன். எவ்வளவு நன்றாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். நைனா போய் வருஷம் திரும்பப்போகிறது, அத்தனை நாளில் அந்த ஒரு அரைநாள்தான் நான் மூச்சு விட்டேன்.

வேலை முடிந்து கை கழுவும்போதுதான் உறைத்தது.

அக்கா, அந்தக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு என் கையில் வெடிப்பு யாருக்கும் தெரிந்திருக்காது. காலையில் கிளம்பும்போது எல்லா விரலுக்கும் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தேன். முதல்நாள் நளினி ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த சுருள் அது. உள்ளங்கைவரை ஒட்டியிருந்தேன், புடவையில் ரத்தம் படக்கூடாது என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரித்தேன். இதை நான் உனக்கு எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. யார் என் கையைப் பார்த்திருந்தாலும் முதலில் கேட்டிருப்பது, விரலெல்லாம் எதற்குக் கட்டு என்றுதான். நைனா பார்த்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ரத்தம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

பென்னி மாமா பஸ் ஸ்டாண்டில் பார்த்த கையை நீ நைனா கண்ணுக்குக் கொடுத்துவிட்டாய்.

உனக்குப் பொய் சொல்லவே வராது. சின்ன வயசில் தட்டை உடைத்துவிட்டு நீயே போய் அம்மாவிடம் சொல்லி உதை வாங்கிக்கொண்டு வருவாய். உன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, செய்யாத குற்றத்தை எழுதி, எனக்காக ஒரு முழுப் பக்கம் பொய் எழுதியிருக்கிறாய். கோபம் தீரவில்லை என்று நைனா சொன்னதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். அவர் பார்க்கவில்லை. முந்தானையைத்தான் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்விட்டார். அது என்னோடு இருக்கும் அக்கா. நீ அதை வாங்கிக்கொள்ளப் பார்த்தாய், முடியாது. ஆனால் வாங்கிக்கொள்ளப் பார்த்தாயே, எனக்கு அது போதும்.

பிப்ரவரிக்கு ரெண்டு பேரும் வருகிறோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவிடம் போய் எதையும் திருத்திச் சொல்லிவிடாதே. அவள் சாப்பிடட்டும். நான் வந்ததும் என்னை உட்காரவைத்து, நைனா பார்த்தது நிஜமா என்று நிச்சயமாகக் கேட்பாள். “ஆமாம்மா, அன்னைக்கி என் கையில ரத்தம் வந்துது, அதை அவரு பாத்தாரு” என்று சொல்கிறேன். பிளாஸ்திரி சுற்றியிருந்தது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

உன் ஈவ்லின்